பட்டியலில் சேராத குளிர்காலம்

அந்தப் பட்டியலை எழுதியவன் நான். மகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி போவது உறுதியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். அவளுக்கு அங்கே மாதம் என்ன செலவாகும் என்று வரி வரியாக எழுதினேன். வாடகை, அரிசி பருப்பு, காய்கறி, மருத்துவக் காப்பீடு, போன், புத்தகம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போடும் நாணயங்கள் வரை எழுதினோம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பல்கலைக்கழகமே பருவக் கட்டணத்துடன் பயணச்சீட்டு கொடுத்துவிடும் என்றாள் மகள். அந்த வரியை அடித்தேன்.

"வேற என்ன?" என்று கேட்டேன்.

"முடி வெட்ட," என்றாள் மனைவி. "அங்க அதுக்குக் கொள்ளையா வாங்குறாங்களாம்."

"நான் வெட்டவே மாட்டேன்மா. வளத்துக்கிறேன்."

முடி வெட்டுவதையும் எழுதினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதிச் செய்திகளை அனுப்பி வருகிறேன். எண்கள் வரும் செய்தி என்றால் அனுப்புவதற்கு முன் இரண்டு முறை கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். அந்தப் பட்டியலையும் இரண்டு முறை கூட்டினேன். அதே நாட்டில் பிள்ளைகள் படிக்கும் மூன்று குடும்பங்களிடம் காட்டிச் சரிபார்த்தேன். மூன்றும் டவுன்ஷிப் குடும்பங்கள். மூவரும் சரியாக இருக்கிறது என்றார்கள்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் குளிர்காலத்தில் ஓர் அறையைச் சூடாக வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அந்த மூன்று பிள்ளைகளும் பல்கலைக்கழக விடுதியில் இருந்தார்கள். அங்கே வெப்பம் வாடகைக்குள் அடங்கும். அதனால் அவர்கள் வீட்டில் அது ஒரு செலவாகவே தெரியவில்லை. எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு வேறு காரணம் உண்டு.

குவார்ட்டர்ஸ் என் மனைவியின் பெயரில் இருக்கிறது. அவள் அனல்மின் நிலையத்தின் ஆய்வகத்தில் பெர்மனென்ட் ஊழியர். சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியில் ஒரு கிராம் பொடியை இரும்புக் குடுவைக்குள் வைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளப்பது அவள் வேலை. அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர். அவளும் குவார்ட்டர்ஸில் பிறந்தவள், மகளும் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். மின்சாரத்துக்கு என்று சம்பளச் சீட்டில் ஒரு சின்னப் பிடித்தம் வரும். எவ்வளவு என்று கேட்டால் மூவரில் யாரும் பார்க்காமல் சொல்ல மாட்டோம். எங்கள் பிளாக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் மின்விசிறியை அணைப்பது அபூர்வம்.

இதை எங்களிடம் முதலில் சொன்னவர் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரைச் சேர்ந்தவர். டவுன்ஷிப்பில் பேப்பர் போடும் ஏஜென்ட். கட்டுகளைப் பிரித்துக் கொடுத்து முடித்ததும் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு அவர் மட்டும் திரும்ப உள்ளே போய் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த விசிறியை அணைத்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், யாருக்கு சுத்திக்கினு இருக்குது?"

"திரும்பி வரும்போது ரூம் ஜில்லுனு இருக்கட்டுமேன்னுதான்," என்றாள் மனைவி.

"எங்க வூட்ல இப்படி ஓடவுட்டா, பில்லு வர்ற அன்னிக்கு எம் பொண்டாட்டி ஃபேனைக் கழட்டிட்டு என்னையத் தொங்கவுட்டுடுவா மேடம்."

சிரித்தோம். அவர் போன பிறகு விசிறியை மறுபடியும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

மகள் செப்டம்பரில் போனாள். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே அங்குள்ள வங்கிக் கணக்கில் கட்டிவிட வேண்டும். அதிலிருந்து மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. கல்விக் கடனும் மனைவியின் சேமநிதியில் எடுத்ததும் சேர்ந்து அந்தத் தொகை ஆனது. விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்தாள். வாடகை எங்கள் பட்டியலில் இருந்ததைவிடக் குறைவு. நான் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினேன். ஏன் குறைவு என்று கேட்கவில்லை. வேறு யாராவது ஒருவர் இப்படி ஒரு தகவலை என்னிடம் கொடுத்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு வீடியோவில் பேசினோம். ஜன்னல் விளிம்பில் பனி படிந்திருந்தது. அவள் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

"ஏண்டி, பனி கொட்டுது, ஜன்னலத் தொறந்து வெச்சிருக்க?"

"ரூம் ரொம்ப சூடாயிடுச்சும்மா. காத்து வரட்டும்னு."

"ஹீட்டர மட்டும் அணைச்சிடாத. சளி புடிச்சுக்கும்."

"அணைக்கவே மாட்டேன். காலேஜ் போறப்பகூட போட்டுட்டுதான் போறேன். வந்தா கதகதன்னு இருக்கும்."

மனைவிக்கு நிம்மதி. நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே வெள்ளை நிற ஹீட்டர் தெரிந்தது. அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த நினைவு எனக்கு இருக்கிறது. அது என்ன என்று கேட்ட நினைவு இல்லை.

இரண்டாம் ஆண்டு அக்டோபருக்குப் பிறகு அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. முதலில் சமையலைப் பற்றிப் பேசுவது நின்றது. பிறகு எப்போது கூப்பிட்டாலும் நூலகத்தில் இருந்தாள். சனிக்கிழமைகளில் போனை எடுக்கவில்லை. அறையில் இருந்து பேசினால் கேமராவைப் போடவில்லை, நெட்வொர்க் சரியில்லை என்றாள். முடியைக் காதுக்குக் கீழே தாறுமாறாக வெட்டியிருந்தாள். "நானே வெட்டினேன், நல்லாருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். மனைவி அவளைக் கேலி செய்தாள். நான் காத்திருந்தேன். ஒரு கிராமத்தில் ஏதோ நடந்திருக்கிறது, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் செய்திக்காக டீக்கடையில் உட்கார்ந்திருப்போமே, அப்படி.

பிப்ரவரியில் ஒருநாள் மாலை, தவறுதலாகக் கேமரா போட்டபடியே எடுத்துவிட்டாள். குல்லாவும் ஜாக்கெட்டும் போட்டிருந்தாள். பின்னால் அவளுடைய அலமாரி. பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"எங்க இருக்க?"

"ரூம்லதான்ப்பா."

"உள்ள இருக்கும்போது மூச்சு ஏன் புகையாத் தெரியுது?"

குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஹீட்டர் போடலப்பா."

"ரிப்பேரா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. போடல."

அதன் பிறகு அவளே வரிசையாகச் சொன்னாள். வாடகையில் வெப்பத்துக்கு என்று ஒரு சிறு முன்பணம்தான் சேர்ந்திருக்கிறது. ஆண்டு முடிந்ததும், உண்மையில் எரித்தது எவ்வளவு என்று அளந்து, மீதியைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அக்டோபரில் வந்தது. அதில் கட்டச் சொன்ன தொகை, அவளுக்கு ஏறக்குறைய இரண்டரை மாதங்களுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தப் பணம். ஹீட்டரில் ஒட்டியிருந்த அந்தச் சின்னப் பெட்டிதான் மீட்டர். அவள் அதைத் தெர்மாமீட்டர் என்று நினைத்திருந்தாள். தவணையில் கட்ட அனுமதி வாங்கி, மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். ஹீட்டரை அந்தக் குளிர்காலத்தில் தொடவே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை தவறிய தாளில், கிடங்குக்கும் குளிருக்கும் நடுவே படித்து, இரண்டாவது முறையும் தவறியிருந்தாள். முடிவு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"மூணாவது தடவையும் போச்சுன்னா அவ்ளோதான்ப்பா. வெளிய அனுப்பிடுவாங்க. இந்தப் படிப்ப இந்த நாட்டுல வேற எங்கயும் போய்ப் படிக்க முடியாது."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு ஹீட்டரப் போட்டேன்னா? அம்மாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து நின்றிருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மகளிடம் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பணத்தின் தொகையை அவள் பார்க்கவில்லை. எத்தனை யூனிட் என்று தேடி, ஒரு தாளில் எழுதி, பெருக்கி, வகுத்தாள். அவள் தினமும் போடும் கணக்கு அது.

"நம்ம கரின்னா ஒரு டன்னுக்கு மேல எரிக்கணும்," என்றாள். "ஒரு ரூமுக்கு. ஒரு ஆளுக்கு."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதானே எழுதினீங்க."

"நீயும் பக்கத்துலதான உக்காந்திருந்த?"

நான் சொன்னது உண்மைதான். எதற்கும் பயன்படாத உண்மை. அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதைப் பற்றி எழுத வளையமாதேவிப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஏக்கருக்கு என்ன தருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், ஒரு கிணற்றுக்கு என்ன, ஒரு தென்னைக்கு என்ன என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். கரி மற்றவர்களுக்கு என்ன விலையில் வருகிறது என்று கேட்பது என் தொழிலாக இருந்தது. என் வீட்டுக்குள் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

இப்போது செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. அவள் கிடங்கு வேலையை விட வேண்டும், அறையைச் சூடாக்கிக்கொண்டு ஜூலைத் தேர்வு வரை படிக்க வேண்டும். தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கணக்கில் மறுபடியும் ஒரு தொகையைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். எங்களிடம் இருந்தது வடக்குத்தில் ஒரு மனை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், டவுன்ஷிப்பில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எங்காவது ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பார்கள். எங்களுடையது பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது.

"லோன் போடலாம்," என்றேன்.

"யாரு கட்டுவா? எனக்கு இன்னும் பதினாறு மாசம். உங்க பேப்பர்ல குடுக்குறதுலயா?"

மகளிடம் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "இடத்த விக்காதீங்கம்மா. நான் வந்துடறேன்."

"வந்து?"

"ஏதாவது வேலைக்குப் போறேன்."

"பாதியில வுட்ட படிப்ப எந்தக் கம்பெனில கேக்குறாங்க? போடி. மொதல்ல போய் ஹீட்டரப் போடு. திருகை ரெண்டுல வை. ஜன்னலச் சாத்து."

மறுநாள் காலை டீ குடிக்க வந்த ஏஜென்ட்டிடம், மனைக்கு ஆள் இருந்தால் சொல்லச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். விசிறியை வைத்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்க மீட்டரு இருந்துதா சார்?"

"ஹீட்டர்லயே ஒட்டியிருந்திருக்கு."

"பாப்பா பாக்கலையா?"

"பாத்திருக்கா. தெர்மாமீட்டர்னு நெனச்சிட்டா."

டீயைக் குடித்து முடித்தார். "அது பாப்பா மேல தப்பு இல்ல சார். மீட்டரப் பாத்து வளந்தாத்தான மீட்டருன்னு தெரியும்."

இரண்டு நாள் கழித்து மனைவி வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வந்தார். வழக்கமாக வாசல் பக்க நாற்காலியில் உட்காருபவர், அன்று உட்காரவில்லை.

"மேடம், அந்த எடத்த நானே எடுத்துக்கட்டுமா? பையன் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருக்கான். மருமவளும் தையலுக்குப் போவுது. சேத்து வெச்சிருக்குதுங்க. கம்மியாக் கேக்குறேன்னு நெனக்காதீங்க. நான் கேக்குறது என்னால முடிஞ்சது."

அவர் சொன்ன விலை, தரகர் சொன்னதைவிடக் குறைவுதான். ஆனால் ஒரே தவணையில் தருவதாகச் சொன்னார். மனைவி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சரி என்றாள்.

அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். "எங்க அப்பாரு அந்த வயல்ல கூலிக்கு நட்டுக்கினு இருந்தாரு மேடம். அப்ப அது பிளாட்டு இல்ல, நஞ்ச."

"அப்ப எங்களவிட உங்களுக்குத்தான் இடத்தப் பத்தி நல்லாத் தெரியும்."

"தெரியும் மேடம். மேற்காலப் பக்கம் தண்ணி நிக்கும். நாலடி ஒசத்தாம கட்ட முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "வெல பேசி முடிச்சப்புறம் சொல்றேன் பாருங்க," என்றார். மனைவி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மார்ச்சில் பத்திரம் முடிந்தது. பதிவு அலுவலகத்தில் அவர் தன் மகனின் பெயரைச் சொல்லும்போது எழுத்தர் தந்தையின் தொழில் என்ன என்று கேட்டார். "பேப்பர் ஏஜென்ட்," என்றார், கொஞ்சம் உரக்கவே. நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

பணத்தின் பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போனது. மீதியைத் தொடவில்லை. ஓய்வுக்குப் பிறகு குடியேற வடக்குத்திலேயே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தோம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். "இருக்கட்டும்," என்றாள் மனைவி. மகள் மூன்றாவது முறையும் தவறித் திரும்பி வந்தால், கல்விக் கடனின் தவணை உடனே தொடங்கிவிடும். அதற்கு அந்த மீதிதான் இருந்தது. அதனால் வீட்டுக்காரரிடம் இன்று, நாளை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மகள் கிடங்கு வேலையை விட்டாள். ஞாயிறு மட்டும் பேசினாள், பத்து நிமிடம். ஹீட்டரை எந்த எண்ணில் வைத்திருக்கிறாள் என்று மனைவி ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒன்றரை என்றால் இரண்டில் வைக்கச் சொன்னாள். அவள் இரண்டு என்று சொன்ன நாட்களில் நான் திரையில் அவள் வாயைப் பார்த்தேன். ஆவி தெரிகிறதா என்று. மே மாதம் வந்த பிறகுதான் பார்ப்பதை விட்டேன்.

தேர்வு நாளில் மனைவி விடுப்பு எடுக்கவில்லை. எடுத்து வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டாள். மகள் எழுதிவிட்டு வந்து, "எழுதியிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். நன்றாகவா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரங்களில் நான் அனுப்பிய செய்திகளில் இரண்டில் பிழை இருந்ததாக அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். ஒன்றில் தேதி, ஒன்றில் ஊர்.

முடிவு ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. மகள் பேசவில்லை. பல்கலைக்கழகப் பக்கத்தைப் படமாக அனுப்பியிருந்தாள். அந்தத் தாளுக்கு எதிரே நான்கு என்று இருந்தது. அங்கே ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண், நான்கு வரை தேர்ச்சி. அதற்கு அடுத்தது தோல்வி. நான் அதை இணையத்தில் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்தேன்.

மனைவியின் போன் ஆய்வகத்தில் லாக்கருக்குள் இருக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அனல்மின் நிலைய வாசலுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, குடுவையில் சாம்பிள் எரிந்துகொண்டிருக்கிறதாம், முடித்துவிட்டுத்தான் வருவார்களாம் என்றார். கன்வேயர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் நின்றேன்.

அவள் ஆய்வகக் கோட்டோடு வேகமாக நடந்து வந்தாள். பாதி தூரத்திலேயே என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். நான் போனை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"நாலா?"

"நாலு பாஸ். அதுக்கு மேல போனாத்தான் ஃபெயில்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே தீசிஸ் மட்டும்தானே?"

"ஆறு மாசம். அதுக்கான பணம் அவ கணக்குல இருக்கு."

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கையில் ஒட்டிய கரித்தூளைப் பார்த்து, கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"வடக்குத்துல அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்குதா?"

"விசாரிக்கணும்."

"இன்னிக்கே போய் அட்வான்ஸ் குடுத்துடுங்க. மாடி வேணாம், கீழ் போர்ஷன் கேளுங்க. எனக்கு முட்டி முடியல."

அடுத்த சாம்பிளை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வடக்குத்துக்குப் போனேன். கீழ் போர்ஷனுக்கு வேறொரு குடும்பம் வந்துவிட்டிருந்தது. மாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, படிகளை எண்ணிக்கொண்டு இறங்கினேன். பதினெட்டு.